வெள்ளை வயரின் மறுமுனை

எனக்கு வயது பதினேழு. பதினெட்டு நிரம்பாததால் என் பெயரும் முகவரியும் இதில் வராது, தனித்தாளில் இருக்கும் என்று சொன்னார்கள். சலவைக்கடைக்கு மேலே உள்ள ஒற்றை அறையில் அம்மாவுடன் குடியிருக்கிறேன். அம்மா அந்தக் கடையில் இஸ்திரி போடுகிறார். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியோடு நின்றுவிட்டேன். இப்போது வீடுகளுக்கு இணைய இணைப்பு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்டிடம் வேலை செய்கிறேன். அவரை எல்லோரும் சிக்னல் என்று கூப்பிடுவார்கள், நான் அண்ணன் என்பேன். காவல் நிலையத்தில் அம்மா பக்கத்தில் இருக்க, பெண் உதவி ஆய்வாளர் கேட்கக் கேட்கச் சொல்கிறேன்.

அண்ணன் வீடு வீடாகப் போகும்போது கூடப் போய்க் கதவுக்கு நேராக நிற்பதுதான் என் வேலை. ஆண் மட்டும் நின்றால் பகலில் பெண்கள் கதவைத் திறப்பதில்லை. கம்பெனி பெயர் போட்ட சட்டை எனக்கு முன்னால் இருந்த பெண்ணுடையது, தோள் இறங்கி முழங்கை வரை வரும். எனக்குப் பேச வராது என்று முதல் நாளே சொன்னேன். அதற்கு அவர், "அதான்மா வேணும். யாராவது கேட்டா, 'எங்க வீட்டுலயும் இதுதான்க்கா'ன்னு மட்டும் சொல்லு. தரையப் பாத்துக்கிட்டே சொல்லு, இன்னும் நல்லா இருக்கும்" என்றார். அதன் பிறகு எல்லா வாசலிலும் தரையைப் பார்த்து அதையே சொல்லி வந்தேன்.

போன மாதம் தையல்கார அக்கா வீட்டுக்குப் போனோம். முன்னறையில் தையல் மெஷின், உள்ளறையில் அவரும் அவர் மகளும். அவர்களிடம் ஏற்கெனவே வேறு கம்பெனி இணைப்பு இருந்தது, மழை தூறினாலே அது நின்றுவிடும் என்றார். மகளுக்கு நர்சிங் படிப்புக்கான நுழைவுத்தேர்வு வருகிறது, வீட்டிலேயே கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், நடுவில் இணைப்பு போனால் தேர்வு தானாக மூடிக்கொள்ளும், மறுபடி திறக்காது, அதனால்தான் நல்லதாகப் பார்த்து மாற்ற நினைக்கிறேன் என்று தெளிவாகச் சொன்னார். இன்னொரு கம்பெனியின் நோட்டீசும் கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்தது. அண்ணன், "எங்களோடது தனி வயர்க்கா, புயலே அடிச்சாலும் அசையாது" என்றார். அக்கா, "உன் சட்டைல எழுதியிருக்கிற வேகத்துல பாதி வந்தாலே போதும்டா, உனக்கு ஒரு சட்டை சும்மாவே தச்சுத் தரேன்" என்று சிரித்தார். அதன் பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் வியாபாரி, அப்படித்தான் சொல்வான். நீ சொல்லும்மா, உங்க வீட்ல எது?" என்றார். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன்.

அப்போது மகள் உள்ளிருந்து வந்து என்னைப் பார்த்தாள். பள்ளியில் ஒரே பெஞ்சில் அவளுக்குப் பக்கத்தில்தான் உட்காருவேன். நான் நின்ற பிறகு அவளை அன்றுதான் பார்த்தேன். அவள் தன் அம்மாவிடம், "அம்மா, இவ என் பெஞ்சும்மா. டீச்சர் கேட்டாக்கூட வாய் தொறக்க மாட்டா. இவ பொய் சொல்ல மாட்டா" என்றாள். அதன் பிறகு அக்கா வேறு எதுவும் கேட்கவில்லை. கத்தரிக்கோலுக்கு அடியில் இருந்த நோட்டீசை மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார். "ரெண்டு எதுக்குக்கா?" என்று அண்ணன் சொன்னதால் பழைய இணைப்பையும் அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

மறுநாள் அண்ணன் மோடம் பெட்டியைக் கொண்டுவந்து சன்னல் ஓரம் வைத்தார். எங்கள் கம்பெனி வயர் அந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பெட்டிக்குள் செல்போனில் போடுவது போன்ற சிம் இருந்தது, அதனால் பச்சை விளக்கு எரிந்தது. பெட்டியின் பின்னால் ஒரு வெள்ளை வயரைச் செருகி, சன்னல் வழியாக வெளியே விட்டு, சுவரோடு ஆணி அடித்துக் கொண்டுபோய், மழைநீர்க் குழாய்க்குப் பின்னால் செருகினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். வயரின் மறுமுனையில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. அது எதிலும் சேரவில்லை. நான் பார்ப்பதைப் பார்த்து, "நெஜ வயர் வந்ததும் மாட்டிக்கலாம், மூஞ்சிய மாத்து" என்றார்.

அதன் பிறகு அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு, "இந்தத் தோள் என்னடி ஊர்கோலம் போகுது" என்று சொல்லி, நான் போட்டிருக்கும்போதே சட்டையின் இரண்டு தோளையும் பிடித்துக் குண்டூசி குத்தி, கையாலேயே தைத்துக் கொடுத்தார். முடிக்க வெகு நேரம் ஆனது. வாயில் குண்டூசிகளை வைத்திருந்ததால் அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. இப்போது நான் போட்டிருப்பது அந்தச் சட்டைதான்.

முந்தாநாள் தேர்வு நடந்தது. மழை இல்லை. மகள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு நின்றுவிட்டது. தேர்வு மூடிக்கொண்டது. அண்ணனுக்குப் பல முறை போன் வந்தது. அவர் திரையைப் பார்த்துவிட்டு, போனை மேசை மேல் கவிழ்த்து வைத்தார். அது யார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

நேற்றுக் காலை அக்கா பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளை வயர், ஆணியோடு பிடுங்கப்பட்டு, அவருக்குப் பின்னால் தெருவெல்லாம் இழுபட்டு வந்தது. கழுத்தில் அளவு டேப் இருந்தது. அவர் கத்தவில்லை. கறுப்பு டேப் சுற்றிய முனையை எடுத்து மேசை மேல் வைத்து, "இது எங்கடா போகுது? சொல்லு, எங்க போகுது?" என்று கேட்டார். அண்ணன், "அக்கா, டெக்னிக்கல் விஷயம், உங்களுக்குப் புரியாது" என்று சொல்லிச் சிரித்தார். அக்கா பெட்டியை ஓங்கி மேசை மேல் அடித்தார். மேசைக் கண்ணாடி உடைந்து, ஒரு துண்டு தெறித்து அண்ணனின் புருவத்தில் பட்டது. அக்கா அவரைத் தொடவில்லை. பெட்டியை அவர் மேல் எறியவில்லை. நான் கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன்.

அதன் பிறகு அண்ணன் புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு என்னிடம், "கொல்லணும்னே மண்டையில அடிச்சாங்கன்னு சொல்லு. உனக்குத்தான் பேச வராதே, அது மட்டும் சொன்னாப் போதும். தரையப் பாத்துச் சொல்லு" என்றார். அதைச் சொல்வதற்குத்தான் இன்று என்னை இங்கே அனுப்பினார்.

இங்கே வரும்போது அக்கா வெளியே பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அளவு டேப் இன்னும் கழுத்தில் இருந்தது. பக்கத்தில் மகள் இருந்தாள். அவள் என்னைப் பார்த்துவிட்டு, நகர்ந்து உட்காரவில்லை, எழுந்து போகவுமில்லை. என் சட்டையின் தோளைப் பார்த்தாள்.

நான் சொல்லத் தொடங்கியதும் அம்மா, "இத்தன வருஷம் வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? இப்பத்தான் பேச வந்துச்சா உனக்கு? நாளைக்கு வேலைக்கு எங்கடி போவ?" என்றார். உதவி ஆய்வாளர் அம்மாவைச் சும்மா இருக்கச் சொன்னார். அதன் பிறகு, உன் வீட்டில் எந்தக் கம்பெனி இணைப்பு என்று என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் இணைப்பு இல்லை. எந்தக் கம்பெனியுடையதும் எப்போதும் இருந்ததில்லை.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருந்தது, ஒரு வாக்கியத்தைத் தவிர. "இவ பொய் சொல்ல மாட்டா" என்று மகள் சொன்னது அதில் இல்லை. அது வழக்குக்குத் தேவைப்படாது என்றார் எழுதுபவர். அதைக் கேட்டுத்தான் அவர்கள் இந்த இணைப்பை எடுத்தார்கள், எழுதுங்கள் என்றேன். எழுதினார். இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழுவதும் உண்மை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)