பஹ்மி காத்திருந்த கனவு

இந்த அவையின் நடுநாயகமாக, மின்விசிறிக்கு நேர் கீழே வீற்றிருக்கும் தலைவர் அல்ஹாஜ் றிஸ்வி அவர்களே! முன்வரிசைக் கதிரைகளை முழுமையாக நிறைத்திருக்கும் மூத்தோர்களே! எடுக்க வேண்டிய தீர்மானங்களையெல்லாம் வீட்டிலேயே எடுத்து முடித்துவிட்டு, ஆண்களைக் கூட்டம் போட அனுமதித்திருக்கும் தாய்மார்களே! தோட்டங்களிலிருந்து மழையில் நனைந்து வந்திருக்கும் தோழர்களே! கம்பளையிலிருந்து பஸ் பிடித்து வந்த விருந்தினர்களே! வாசலுக்கு வசதியான தூரத்தில் நின்றுகொண்டிருக்கும் வாலிபர்களே! உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும்.

இரத்ததான முகாமைத் தொடக்கிவைத்துப் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: வாழ்வின் திருப்பங்களில் இறைவனின் அழைப்பை அறிந்துகொள்வது எப்படி? பெரிய தலைப்பு. ஆகவே பெரிய நிகழ்ச்சி ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு இந்தத் திகன நகரம் ஒரு வரலாற்றுத் தீர்மானத்துக்குச் சாட்சியாக நின்றது. புடவைக்கடை பஹ்மி தம் கடையின் பலகைக் கதவுக்குப் பச்சை நிறம் பூசுவதா, நீல நிறம் பூசுவதா என்ற தீர்மானம் அது. எதிர்க் கடையில் இருந்து நேரில் பார்த்தவன் நான். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். பஹ்மி இஸ்திகாராத் தொழுதார். தெரியாத அன்பர்களுக்காகச் சொல்லவேண்டும். ஒரு காரியத்தில் இறங்கும் முன் அதில் நன்மையை நாடி இறைவனிடம் கேட்கும் தொழுகை அது. தொழுதார்; படுத்தார்; கனவுக்குக் காத்திருந்தார். கனவில் கிளி வந்தது. பச்சை என்றார். அடுத்த கனவில் கடல் வந்தது. நீலம் என்றார். அதற்கும் அடுத்த கனவில் கிளி கடலில் விழுந்தது.

நிறம் பூச வந்த ராஜலிங்கம் பாஸ், தூரிகையும் கையுமாகக் கடை வாசலில் குந்தியிருந்தார். "மொதலாளி, சாமி நெறத்தச் சொல்றதுக்குள்ள டின்னுல பெயிண்ட் காஞ்சிரும் போலருக்குங்க. நான் வேணா அடுத்த கடைய முடிச்சிட்டு வரவா?" என்றார். அடுத்த கடையை முடித்தார். அதற்கடுத்த கடையையும் முடித்தார். இறுதியில் பச்சை வென்றது. நகரம் நிம்மதியாக மூச்சு விட்டது.

சிரிக்கிறீர்கள். பேர் சொல்லிப் பேசுகிறானே என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். அதோ, மேடையின் ஓரத்தில் கட்டில் விரிப்புகளை மடித்துக்கொண்டிருக்கிறாரே, இந்த முகாமின் செயலாளர், அவர்தான் பஹ்மி. "பேர மறைக்க வாணாம் சேர். பேரச் செல்லியே பேசுங்க. ஒண்டையும் உடாதீங்க" என்று என்னிடம் சொன்னவர் அவர்தான். அந்த உத்தரவு இல்லாமல் நான் இந்த ஒலிவாங்கியைத் தொட்டிருக்கமாட்டேன்.

கதவுக்குக் கனவு கேட்ட அதே மனிதரிடம், காலம் வேறொன்றைக் கேட்டது.

அவருடைய மூத்த சகோதரர் மஹ்ரூப் நானாவை அறியாதவர் திகனயில் உண்டா? அவர் கடையில் கொத்தமல்லி வாங்கப் போனவர்கள், கொத்தமல்லியை மறந்துவிட்டுக் கதை கேட்டுத் திரும்பிய நாட்கள் எத்தனை! அந்த மனிதருக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாயின. கிழமை தவறாமல் பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தார். இது நெடுநாள் ஓடாது, சிறுநீரகம் ஒன்று வேண்டும் என்றார்கள் வைத்தியர்கள். உறவினரைப் பரிசோதித்தார்கள். ஒருவருடையதுதான் பொருந்தியது. தம்பி பஹ்மியுடையது.

பஹ்மி மறுத்தாரா? மறுக்கவில்லை! சம்மதித்தாரா? சம்மதிக்கவுமில்லை! "இஸ்திகாராத் தொழுதுட்டுச் செல்றன்" என்றார்.

இறைவனிடம் கேட்பது பிழையா? ஒருபோதும் இல்லை! கேளாமல் நடப்பவனைவிடக் கேட்டு நடப்பவன் மேலானவன். ஆனால் நம் பஹ்மி கேட்டார், நடக்கவில்லை. படுத்தார்.

அவர் படுத்ததும் குடும்பமே படுத்தது. அவருக்காக ஆளுக்கொரு கனவு கண்டது. மாமியார் கண்ட கனவில் மருமகன் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தார், ஆகவே கூடாது. கடையில் பங்குள்ள மாமா கண்ட கனவில் பச்சைக் கதவு பூட்டியிருந்தது. ஆகவே கூடவே கூடாது. மஹ்ரூப் நானாவின் மனைவி றம்ஸியா கண்ட கனவில் அண்ணனும் தம்பியும் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சோறு உண்டார்கள். ஆகவே உடனே வேண்டும். சபையோரே! மாமியாருக்கு மருமகன் வேண்டும், மாமாவுக்குக் கடை வேண்டும், றம்ஸியாவுக்குக் கணவன் வேண்டும். வேண்டியவர்களுக்கு வேண்டியதே கனவாக வந்தது. அப்படியானால் இறைவனுக்கென்று தனியாக ஒரு கருத்தே கிடையாதா?

மஹ்ரூப் நானாவைப் பார்க்கப் போன ஒரு மாலையில் நானும் அங்கே இருந்தேன். தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கனவு வந்தாடா?"

"இன்னம் இல்ல நானா."

"எனக்கு வருது. கண்ண மூடினா வட்டிலப்பம். கலியாண வீட்டு வட்டிலப்பம், முந்திரிக்கொட்டையெல்லாம் போட்டு. டொக்டர்கிட்டக் கேட்டன். கனவுல திண்டாப் பரவால்லயாம்."

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. தம்பியின் முழங்காலில் கையை வைத்தார்.

"இஞ்ச பாரு. ஒனக்குப் பயமெண்டா, பயமெண்டு செல்லு. நான் ஒண்டும் நெனைக்க மாட்டன். ஆனா அத அல்லாஹ்ட தலைல போடாத."

தம்பி தலையைக் குனிந்தார். வீட்டுக்குப் போனார். மறுபடியும் தொழுதார். மறுபடியும் படுத்தார்!

தாய்மார்களே, இனி உங்கள் பகுதி. பஹ்மியின் மனைவி றமீஸா ஒரு காலையில் தேநீரைக் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு நின்றார்.

"ராவும் கனவு இல்லையா?"

"இல்ல."

"எப்பிடி வரும்? கனவு காணத் தூங்கோணுமே! பொரண்டு பொரண்டு படுக்கிறீங்க. எழும்பிக் குந்திக்கொண்டு ஈக்கிறீங்க. கதவுக்குப் பெயிண்ட் அடிக்கக்குள்ள கொறட்ட உட்டுத் தூங்கின மனிசன்தானே நீங்க? இப்ப ஒங்கள அவன் தூங்க உடல்ல. இதுக்கு மேல அவன் எனத்தச் செல்லோணும்?"

பஹ்மி தேநீர்க் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"எனக்குப் பயமில்லண்டு நெனைக்காதீங்க" என்றார் றமீஸா. "தேத்தண்ணி சிந்தினதப் பாருங்க. எண்டாலும் போங்க."

பஹ்மி தேநீரைக் குடிக்கவில்லை. செருப்பைப் போட்டார். கண்டிக்குப் போய்ப் பேராதனை பஸ் ஏறினார். வைத்தியர் முன் நின்று, "என்டத எடுங்க" என்றார். எஞ்சியிருந்த பரிசோதனைகள் நடந்தன. எல்லாம் சரியாக இருந்தன. அறுவைச் சிகிச்சைக்கு நாளும் குறித்தார்கள்.

கம்பளையிலிருந்து வந்த தம்பி ஒருவர் எழுந்து நிற்கிறார். "ஒப்பரேஷன் சரியா முடிஞ்சா சேர்?" என்று கேட்கிறார். உட்காருங்கள் தம்பி. திகனக்காரர் எவரும் கேட்கவில்லை. முடிவில் சொல்கிறேன்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். இஸ்திகாராவின் துஆவில், அந்த வேண்டுதலில், நாம் கேட்பது என்ன? நான் நாடியிருக்கும் இந்தக் காரியம் நல்லதானால் இதை எனக்கு இலகுவாக்கு. கெட்டதானால் இதை என்னைவிட்டும் திருப்பிவிடு. இவ்வளவுதான். கனவு என்ற சொல் அதில் எங்கே இருக்கிறது? தேடினேன், கிடைக்கவில்லை. மௌலவியிடம் கேட்டேன், அவருக்கும் கிடைக்கவில்லை. அது நடக்கப் புறப்பட்டவனின் துஆ! பாதையில் கால் வைத்தவனைத்தானே திருப்ப முடியும்? பாயில் படுத்தவனை எந்தப் பக்கம் திருப்புவது?

தோட்டத்துத் தோழர்களே, உங்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோயிலில் பூக்கட்டிப் பார்க்கிறீர்கள். சிவப்பு வந்தால் சாமிக்குச் சரியாக விளங்கவில்லை என்று, வெள்ளை வரும்வரை பொட்டலம் எடுக்கிறீர்கள். "நமக்கும் சேத்துத்தான் சொல்றாரு" என்கிறார் கறுப்பையா அண்ணன். ஆமாம் அண்ணே, சேர்த்துத்தான் சொல்கிறேன். படைத்தவன் முன் நாம் எல்லோரும் ஒரே வரிசை. சாக்குச் சொல்வதிலும் ஒரே வரிசை!

அழைப்பு எங்கிருந்து வரும்? இடியில் வருமா? மின்னலில் வருமா? கிளியாய் வருமா? கடலாய் வருமா? வரலாம், அவன் வல்லவன். ஆனால் என் வயதுக்கு நான் கண்டது ஒன்றுதான். உன்னிடம் இருப்பது இல்லாமல் ஒருவன் உன் எதிரே வந்து நிற்கிறான். நீ முகத்தைத் திருப்புகிறாய். அவன் மனதை விட்டுப் போகவில்லை. கடையில் இருக்கிறாய், போகவில்லை. தொழுகையில் நிற்கிறாய், போகவில்லை. கண்ணை மூடுகிறாய், தூக்கம் வரவில்லை. அழைப்பு வந்துவிட்டது ஐயா! வாசலில் வந்து நிற்பவனை உள்ளே கூப்பிடாமல், அவன் எப்போது வருவான் என்று கனவில் தேடுவதா?

இந்த முகாமுக்கு நாள் குறித்தபோது பஹ்மி எவரிடமும் யோசனை கேட்கவில்லை. தாதியர் எந்த நாளில் வரமுடியும் என்று மட்டும் கேட்டார். அவர்கள் இன்றைக்கு என்றார்கள். இன்றைக்கே வைத்தார். பக்கத்து வகுப்பறையில் கட்டில்கள் விரித்தாயிற்று. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வந்தவர்களே, யோசித்துக்கொண்டே எழும்புங்கள்! பயமாக இருக்கிறது என்பவர்களே, பயத்தோடு வாருங்கள்! ஊசிக்குப் பயந்தவர்களுக்குத் தனி வரிசை கிடையாது. எனக்கும் பயம்தான், சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் இவ்வளவு நேரமும் பேசுகிறேன். வாசலருகே நிற்கும் வாலிபர்களே, அந்த வாசலுக்குப் பக்கத்தில்தான் வகுப்பறை. வழி தவற வாய்ப்பில்லை!

பொறுமையாய் மணியைத் தொடாதிருந்த தலைவருக்கு நன்றி. மழையில் வந்தவர்களுக்கு நன்றி. இடம் தந்த மத்ரஸாவுக்கு நன்றி. இரத்தம் கொடுத்தவர்களுக்குப் பின்கட்டில் வட்டிலப்பம் இருக்கிறது. அது மஹ்ரூப் நானாவின் மனைவி றம்ஸியாவின் ஏற்பாடு, அவருக்கும் நன்றி. உங்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும் சொல்லி இந்த ஒலிவாங்கியை ஒப்படைக்கிறேன்.

கம்பளைத் தம்பி இன்னும் நிற்கிறார். சொல்லிவிடுகிறேன். அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த நாள் புதன்கிழமை. மஹ்ரூப் நானாவை நாங்கள் அடக்கம் செய்தது அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை.