ரூவென் இளவரசனின் கீழ் இமை

தொபிதா: ...எண்ணாதீங்க மிசாவோ சென்செய், நம்ம பத்திரிகைக்கு வந்த அஞ்சலட்டை, எண்ணி மாளாது. அப்படியே கொட்டிடறேன்.

மிசாவோ: மேசை மேல வேண்டாம்! மை காயல... இகுயோ, அந்தப் பக்கம் கொஞ்சம் இடம் ஒதுக்கு.

இகுயோ: ஒதுக்கியாச்சு. மெதுவா, தொபிதா சான்... ஐயோ, லாரியில மணல் இறக்கற மாதிரி கொட்டறீங்களே!

தொபிதா: ஜன்னலையும் மூடி, விசிறியையும் அணைச்சு, ரெண்டு பேரும் உள்ள அவிஞ்சு கிடக்கறீங்க. விசிறியைப் போடட்டுமா?

இகுயோ: போட்டா, நிழலுக்கு வெட்டி வெச்ச புள்ளித்தாள் எல்லாம் உங்க மொட்டைத் தலையில வந்து ஒட்டும். பார்லித் தண்ணி தரேன், குடிங்க.

மிசாவோ: இத்தனை அஞ்சலட்டையா? கதை முடியப் போகுதுன்னு யாராவது வெளிய சொல்லிட்டாங்களா?

தொபிதா: யாரும் மூச்சு விடல. வாசகர் ஓட்டுல ஆறு மாசமா நம்ம படக்கதைதான் கடைசி. அதனால அடுத்த இதழ்ல இளவரசன் ரூவென் விஷம் குடிச்சு சாகறான், கதை முடியுது. இது உங்களுக்கு, எனக்கு, தலைமை ஆசிரியருக்கு மட்டும்தான் தெரியும்.

இகுயோ: எனக்கும் தெரியும். சவப்பெட்டி நிறைய ரோஜா வரைஞ்சது யாராம்? கை இன்னும் வலிக்குது.

தொபிதா: அந்தச் சாவை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன். முடிஞ்சுதா?

மிசாவோ: கடைசிப் பக்கம் மட்டும்...

தொபிதா: போன தடவையும் கடைசிப் பக்கம் மட்டும். சரி, இதைக் கேளுங்க. "ரூவென் இளவரசர் பொண்ணுதானே?" இது ஒண்ணு. "எனக்கு மட்டும் சொல்லுங்க, செத்தாலும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." இது அகிதா ஊர்ல இருந்து. "எங்க வகுப்புல பாதிப் பேர் அழுதோம், மீதிப் பேர் இன்னும் நம்பல." எதை எடுத்தாலும் இதே கேள்வி!

மிசாவோ: எந்தக் கட்டத்தைப் பார்த்துக் கேக்கறாங்க?

தொபிதா: போன இதழ். கிணத்தடியில ரூவென் தலைக்கவசத்தைக் கழட்டற கட்டம். இந்தாங்க, பாருங்க. கண்ணுக்குக் கீழ என்ன இது?

இகுயோ: அச்சுல ஏதாவது... அழுக்கு விழுந்திருக்கும்.

தொபிதா: அழுக்கு இவ்வளவு அழகா வளைஞ்சு நிக்குமா, பொண்ணே? கீழ் இமையில முடி! நம்ம பத்திரிகையில அது பொண்ணுங்களுக்கு மட்டும்தான். ஆம்பளைக்கு வெறும் கோடு. எழுத்துக் கூட்டிப் படிக்கற பிள்ளைக்குக் கூட அது தெரியும்.

இகுயோ: பார்லித் தண்ணி... இன்னும் கொஞ்சம்?

தொபிதா: வேண்டாம்மா, வயிறு குளமாயிடுச்சு. சென்செய், இதை வரைஞ்சது யாரு?

மிசாவோ: இந்த வீட்டுல முகம் வரையறது நான் மட்டும்தான். உங்களுக்குத் தெரியாதா?

தொபிதா: அப்போ தெரிஞ்சேதான் வரைஞ்சீங்களா? என்கிட்ட கூடச் சொல்லாமலா? ...சரி, சண்டை அப்புறம். தலைமை ஆசிரியர் ரெண்டே வழி சொல்றார். கை தவறிப் போச்சுன்னா மன்னிப்புக் கேட்டுட்டு ரூவெனைச் சாகடிக்கணும். நிஜமாவே பொண்ணுன்னா, இத்தனை பேர் கேக்கறதால கதை நீளும். எதுவா இருந்தாலும் இப்பவே அச்சகத்துக்குச் சொல்லணும்.

மிசாவோ: கொஞ்சம் யோசிக்க விடுங்க.

தொபிதா: கீழ புகையிலைக் கடையில போன் இருக்கு. அவரைக் கூப்பிட்டுப் பேசிட்டே இருக்கேன். ஜன்னல்ல இருந்து ஒரே வார்த்தை கத்துங்க, போதும். பொண்ணா, பையனா?

இகுயோ: ...போயிட்டார்.

மிசாவோ: ம்.

இகுயோ: கோபமா, சென்செய்?

மிசாவோ: அந்த நீல மையில எழுதினதைக் கொடு. "ரூவென் ஏன் படைவீரர்களோட ஆத்துல குளிக்கலைன்னு இப்பதான் புரிஞ்சுது."

இகுயோ: குளிக்கலையா?

மிசாவோ: முதல் அத்தியாயம். எல்லாரும் தண்ணியில கும்மாளம் போடறாங்க. இவன் மட்டும் கரையில குதிரையைப் பிடிச்சுட்டு நிக்கறான்.

இகுயோ: அது... உங்களுக்கு ஆம்பளை உடம்பு வரைய வராதுன்னுதானே?

மிசாவோ: அடியேய்!

இகுயோ: நீங்களேதான் சொன்னீங்க!

மிசாவோ: சொன்னேன். வரைய வராதுன்னுதான் கரையில நிறுத்தினேன். ...இன்னொண்ணு படி.

இகுயோ: "ராஜா சாகும்போது 'மகனே'ன்னு கூப்பிட வாய் வரல. ஏன்னு தெரிஞ்சதும் அந்த இதழைத் தலகாணிக்கு அடியில வெச்சுட்டுப் படுத்தேன்."

மிசாவோ: வாய் வரலையா... அங்க வசனத்துக்கு இடம் பத்தல. அதனால வெட்டினேன்.

இகுயோ: "காய்ச்சல்ல கிடந்தப்ப வைத்தியரை உள்ள விடலையே, அன்னிக்கே எனக்குச் சந்தேகம்."

மிசாவோ: வைத்தியரை வரைய நேரம் இல்ல.

இகுயோ: சென்செய்... என் கையைப் பாருங்க. புல்லரிக்குது.

மிசாவோ: எனக்கும்தான். ரெண்டு வருஷமா ரூவென் முகத்தை வரையறேன், இகுயோ. எங்க அம்மா முகத்தைக் கூட நான் இத்தனை தடவை பார்த்ததில்ல. நாட்டுக்கு முன்னாடி வேஷம் போட்டா, சரி. படைக்கு முன்னாடி போட்டா, அதுவும் சரி. என் பேனா முனைக்கு முன்னாடியே போட்டிருக்காளே!

இகுயோ: "போட்டிருக்கா"ன்னு சொல்றீங்க.

மிசாவோ: ...சொன்னேனா?

இகுயோ: இது பென்சில்ல எழுதியிருக்கு, பேர் இல்ல. "நான் முடியை ஒட்ட வெட்டிக்கிட்டேன். அம்மா என்கூடப் பேசறதில்ல. ரூவென் பொண்ணா இருந்தா, நாளைக்குத் தலையை நிமித்திட்டுப் பள்ளிக்கூடம் போவேன்."

மிசாவோ: ...அதை இங்க வை. தனியா வை.

இகுயோ: சென்செய், நான் ஒண்ணு சொல்லணும். சொன்னதும் பையை எடுத்துட்டுக் கிளம்பிடறேன்.

மிசாவோ: எங்க கிளம்பற?

இகுயோ: வந்த அன்னிக்கே சொன்னீங்க. முடிக்குக் கறுப்பு பூசு, புள்ளித்தாள் ஒட்டு, அரண்மனை வரை, ரோஜா வரை. முகத்தை மட்டும் தொடாதே, தொட்ட கைக்கு இந்த மேசையில இடம் இல்லைன்னு.

மிசாவோ: சொன்னேன்.

இகுயோ: அன்னிக்கு நீங்க குளிக்கப் பொதுக் குளியலறைக்குப் போயிருந்தீங்க. நான் அந்தக் கிணத்தடிக் கட்டத்துல முடிக்குக் கறுப்பு பூசிட்டு இருந்தேன். ரூவென் என்னைப் பார்த்தான். சத்தியமா, சென்செய். ஏதோ சொல்ல வந்து, யாராவது கேக்கட்டும்னு நிறுத்திக்கிட்ட மாதிரி... பேனா தானா கண்ணுக்குக் கீழ இறங்கிடுச்சு. இடது கண்ணு. அதோட பயந்து போய்க் கையை எடுத்துட்டேன். நீங்க வந்தப்ப வாயைத் திறக்கல. இதழ் வந்த பிறகும் அந்தப் பக்கத்தை நான் பார்க்கவே இல்ல. இப்பக் கூட அவர் காட்டினப்ப கண்ணை மூடிக்கிட்டேன்.

தொபிதா: சென்செய்ய்! கீழ இருந்து கத்தறது கேக்குதா? போன்ல காசு போட்டே கை ஓயுது! சீக்கிரம்!

இகுயோ: என் தப்புன்னு சொல்லிடுங்க. இல்ல, நானே ஜன்னல்ல நின்னு சொல்றேன்.

மிசாவோ: நகரு. ஜன்னலைத் திற.

இகுயோ: புள்ளித்தாள் பறக்கும்!

மிசாவோ: பறக்கட்டும். ...தொபிதா சான்! பொண்ணு! பொண்ணுதான்!

தொபிதா: யார் வீட்டுல பொண்ணு பொறந்திருக்குன்னு கடைக்கார அம்மா கேக்கறாங்க!

மிசாவோ: ரூவென்! பொறந்ததுல இருந்தே பொண்ணு! சாக மாட்டா! விஷக் கிண்ணத்தைத் தட்டி விடறா! கடைசிப் பக்கத்தை இப்பவே வரையறேன், மேல வந்து காத்திருங்க!

தொபிதா: கடைக்கார அம்மா கை தட்டறாங்க, சென்செய்! அவங்களும் படிக்கறாங்களாம்!

இகுயோ: சென்செய்... அப்போ நான்? என் பை?

மிசாவோ: பையை வை. பத்திரிகையை எடு. அந்தக் கட்டத்தைப் பாரு.

இகுயோ: வேண்டாம், பயமா இருக்கு.

மிசாவோ: பாருடி. இடது கண்ணு உன் வேலை. வலது?

இகுயோ: வலது... ஐயோ. வலது கண்ணுக்குக் கீழயும் இருக்கே! சத்தியமா இதை நான் போடல, சென்செய்!

மிசாவோ: தெரியும். குளிச்சுட்டு வந்து பக்கத்தை எடுத்ததுமே உன் கைன்னு தெரிஞ்சு போச்சு. அழிக்கத்தான் வெள்ளை மையைத் தொட்டேன். அவ ஒத்தைக் கண்ணால என்னையே பார்த்துட்டு இருந்தா... மனசு வரல. இன்னொரு கண்ணை நான்தான் திறந்து விட்டேன்.