நிழலக்கா எழுதிய ஒரே பொய்

வெயிலுக்கு அஞ்சாத விழியே! விண்ணில் சுற்றும் செயற்கைக்கோளுக்கு மண்ணின் மெய்ந்நிறம் சொல்லிக்கொடுத்த மாண்பே! அரை நொடி அளவீட்டுக்காக அரை நாள் காத்திருக்கும் அரும்பொறுமையே! முப்பத்திரண்டு ஆண்டுகள் எங்கள் அளவீட்டுக் கூடத்தின் முதற்குரலாகவும் முடிவுச் சொல்லாகவும் விளங்கி, இன்று பணி நிறைவு பெறும் எங்கள் அன்பு அக்கா, வணக்கம்!

'இவ அங்க என்ன வேலை பாக்குறான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குப் புரியல' என்று சென்ற வாரம் தொலைபேசியில் எங்களிடம் முறையிட்ட உங்கள் கணவருக்காக இதைச் சொல்லிவிடுகிறோம். மண்மீதும் இலைமீதும் விழும் வெயிலில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளப்பதே அக்காவின் வேலை. முதலில் ஒரு வெள்ளைப் பலகையை அளக்க வேண்டும். உடனே மண்ணை அளக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டை வைத்தே செயற்கைக்கோள் அனுப்பும் படத்தைச் சரிசெய்கிறோம். கேட்பதற்கு எளிது. நடுவே ஒரு மேகம் வந்தாலும் வீண். நிற்பவரின் நிழல் விழுந்தாலும் வீண்.

அதனால்தான் 'நிழல்! நிழல்!' என்ற உங்கள் குரல் கேட்டாலே நாங்கள் தவளையைப் போலத் துள்ளி விலகினோம். நிழலக்கா என்று உங்களுக்குப் பெயரும் வைத்தோம். ஒருமுறை பார்வையிட வந்த இயக்குநரையே 'சார், நிழல்!' என்று பத்தடி பின்னால் ஓடவைத்த பெருமை உங்களுக்கே உரியது! சுவரும் கூரையும் கதவின் கைப்பிடியும்கூடக் கறுப்பு பூசிய இருட்டறையில், உலர்த்திச் சலித்த மண்ணைத் தட்டில் பரப்பி, 'மூச்சு விடாதீங்க, மண்ணு பறக்குது' என்று எங்களை வாட்டியவரும் நீங்களே. களத்தில் யாருக்காவது தலை சுற்றினால் உங்கள் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்துவிட்டு, வெறுந்தலையோடு வேலையை முடித்தவரும் நீங்களே!

புகழ்ந்தது போதும் அக்கா. இனி ஒரு குற்றச்சாட்டு. குறிப்பேட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்றிப் போடாத நீங்கள், பதினோரு ஆண்டுகளுக்கு முன் அதில் ஒரு பொய் எழுதினீர்கள். நீங்கள் இன்று விடைபெறுமுன் அது திருத்தப்பட வேண்டும். இதற்குமேல் 'நாங்கள்' என்று எழுத என் கை ஒப்பவில்லை. இந்த மடலை எழுதும் பொறுப்பை எல்லோரிடமும் கெஞ்சி வாங்கியவன் நான். நான் என்றே எழுதுகிறேன்.

அந்தப் பருவத்தில் நம் வரைபடத்தில் மண்ணெல்லாம் உள்ளதைவிட வெளிறி, வறண்டு தெரிந்தது. வரைபடத்தைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதற்கு அடித்தளம், நாம் இருவர் மட்டும் சென்று ஒரே நாளில் எடுத்த கள அளவீடு. அதே மண்ணை ஆய்வகத்தில் அளந்தால் சரியாக வந்தது. களத்து அளவு மட்டும் உயர்ந்து நின்றது. நீங்கள் விளக்கைச் சந்தேகித்தீர்கள், பலகையைச் சந்தேகித்தீர்கள், சல்லடையைக்கூட விட்டுவைக்கவில்லை. நான்காவது வாரம், களத்தில் எடுத்த மண் படம் ஒன்றின் ஓரத்தில் ஒரு வெள்ளைச் சட்டைக்கை தெரிந்தது. யாருடையது என்று படத்தைப் பார்த்தவர்களால் சொல்ல முடியாது. நம் இருவருக்கும் தெரியும்.

நாம் களத்துக்குச் சென்ற அன்று என் மகளின் முதல் பிறந்தநாள். மனைவி தேய்த்து வைத்த புதுச் சட்டையோடு நேரே களத்துக்கு வந்து, மேலே களத்துக்கென்று விதித்த கறுப்பு அங்கியை மாட்டியிருந்தேன். வெயில் தாளாமல் நடுவில் அதைக் கழற்றிவிட்டேன். நீங்கள் தள்ளி அமர்ந்து கருவியின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மண்ணருகே குனிந்து நின்றேன்; என் சட்டையில் பட்ட வெயில் அந்த மண்மேல் விழுந்துகொண்டிருந்தது.

'அந்தச் சட்டைய எடுத்துட்டு வாங்க தம்பி' என்றீர்கள். இருட்டறையில் மண் தட்டின் அருகே அதைத் தொங்கவிட்டு அளந்தோம், அளவு ஏறியது. எடுத்துவிட்டு அளந்தோம்; இறங்கியது. என் தற்காலிகப் பணி நிரந்தரமாகுமா என்று முடிவாக வேண்டிய மாதம் அது. கறுப்பு உடை விதியை ஏற்றுக் கையெழுத்திட்டவன் நான். வேலை போயிற்று என்றே நினைத்தேன். நீங்கள் சட்டையை மடித்து என் கையில் தந்து, 'பாப்பா பொறந்தநாளுக்கு எடுப்பா இருந்திருக்கும்' என்றீர்கள். அவ்வளவுதான்.

பிறகு குறிப்பேட்டில் எழுதினீர்கள்: 'மண்ணருகே வெள்ளை உடையோடு நின்றவர், தலைமை அளவீட்டாளர்.' அதாவது, நீங்கள்! அடுத்த ஆண்டு உங்களுக்கு வரவேண்டிய கூடத் தலைவர் பதவி அந்த ஒரு வரியால் கைநழுவியது. நீங்கள் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. 'வாயத் தொறந்தீங்க, அப்புறம் உங்களோட பேச்சே கிடையாது' என்று என்னை மிரட்டி வைத்தீர்கள். பதினோரு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. அந்த மிரட்டல் பாதிக் காரணம். மீதி என் கோழைத்தனம். என்னை மன்னித்துவிடுங்கள் அக்கா.

சென்ற வாரம் இயக்குநரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்ன நடவடிக்கை வந்தாலும் ஏற்பேன் என்றும் சொன்னேன். அவர் அந்தப் பழைய குறிப்பேட்டை வரவழைத்துப் படித்தார். பிறகு, 'பதவிய இனிமே திருப்பிக் குடுக்க முடியாது. அந்த வரிய திருத்திடலாம்' என்றார்.

அக்கா! நோய்நொடி அண்டாமல், நேரத்துக்கு உண்டு, மேகம் வந்தால் திட்டாமல் அண்ணாந்து ரசித்து, கணவரோடும் பிள்ளைகளோடும் நீங்கள் நெடுங்காலம் நிறைவாக வாழ வேண்டும். எங்களை மறவாமல் அவ்வப்போது அதட்டவும் வேண்டும்!

பழைய குறிப்பேடு உங்கள் முன் மேசையில் திறந்திருக்கிறது. அந்த வரியின் பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். அளந்த இருவரும் ஒப்பமிட்டால்தான் திருத்தம் செல்லும் என்பது நீங்களே வகுத்த முறை. பேனாவைத் தள்ளிவைக்காதீர்கள். உங்களுக்கு இடம் விட்டிருக்கிறேன்.

நீங்காத அன்புடன்,
அளவீட்டுக் கூடத்துப் பணியாளர்கள் பதின்மூவர்,
மற்றும் அன்று மண்ணருகே நின்றவன்