மெஷினுக்கு நல்ல தண்ணீர்

மரம் அறுக்கிற மெஷின் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் தேவைக்கு மேல் பெரியதாக வாங்கிவிடுகிறார்கள். முருங்கைக் கிளை வெட்ட வேண்டியவன் காட்டையே அழிக்கிற சைஸில் ஒன்றைத் தூக்கிவந்து, இரண்டாம் நாள் இடுப்பில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு படுத்துவிடுவான். நான் அப்படி இல்லை. இதை முதலிலேயே எழுதக் காரணம், நீலா மேடம், நான் எதையும் நிதானமாகச் செய்கிறவன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

"நீயே எழுது, எதையும் விடாதே" என்று ஸ்டேஷனில் பேப்பரும் பேனாவும் கொடுத்திருக்கிறீர்கள். சரி. பெயர் அருள்பிரகாசம், வயது ஐம்பத்திரண்டு, வீடு கல்மண்டபம். காசிமேட்டில் முப்பது வருடம் மீன்பிடி போட்டு இன்ஜின் மெக்கானிக். முதுகு ஒத்துழைக்க மறுத்த பிறகு மரம் வெட்டுகிற தொழில். வெட்டுகிறது என்றால் நான் வெட்டுவதில்லை. எனக்கு உயரம் ஆகாது. வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே பாதி ஜெபம் சொல்லி முடித்துவிடுவேன். மெஷின் என்னுடையது, ஏறுகிற கால் என் மச்சான் யேசுதாஸுடையது. என் மனைவி ஜானட்டின் தம்பி. கடலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் இரண்டு மாதம் போட்டெல்லாம் கரையில் கிடக்கும்போது அவனும் கரையில் கிடப்பான். அப்போது என்னோடு வருவான்.

மெஷின் வந்த கதையைச் சொல்கிறேன். மிக்ஜாம் புயலுக்கு மறுவாரம் வடசென்னையில் எல்லோரும் மெஷின் வாங்கினார்கள். மறுமாதம் எல்லோரும் விற்றார்கள். வாங்க வேண்டிய நேரம் அதுதான். நான் ஒன்பது மெஷின் பார்த்தேன். பெண் பார்த்தபோது ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன் என்று ஜானட் இன்றும் சொல்லிக்காட்டுவாள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்ல குடும்பம். கையில் பிடித்து ஐந்து நிமிடம் நிற்க வேண்டும்; தோள் வலித்தால் வேண்டாம். ஸ்பேர் பார்ட் பாரிமுனையில் கிடைக்குமா என்று கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் பிரேக்கைப் பார்க்க வேண்டும். கைப்பிடிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். மெஷின் நம் பக்கம் எட்டி உதைத்தால் அந்தத் தடுப்பு கையில் பட்டு முன்னால் சாயும், கண் இமைப்பதற்குள் செயின் நின்றுவிடும். நான் முதலில் பார்த்தது அதைத்தான். பிரேக் தெரியாதவன் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது.

பதினெட்டு அங்குல பிளேட். ஆரஞ்சு நிறம். இரண்டரை வருடத்தில் ஒரு நாளும் என்னை ஏமாற்றியதில்லை. ஆயிலைப் பெட்ரோலில் கண்ணளவாக ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் இருமல் மருந்து மூடியால் அளப்பேன். செயினின் ஒவ்வொரு பல்லுக்கும் அரம் மூன்று இழுப்பு, நாலாவது கிடையாது. வேலை முடிந்ததும் முதலில் செயினையும் பிளேட்டையும் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுவேன், துடைப்பேன், எண்ணெய் விடுவேன். கடைசியில் ஏர் பில்டரை சோப்புப் போட்டு அலசிக் காயவைப்பேன். இந்த வரிசை மாறாது.

நல்ல தண்ணீர் ஏன் என்று கேட்டீர்கள். எங்கள் பக்கம் போர்வெல்லில் வருவது உப்பு. காற்றில் வருவதும் உப்பு. போட்டு கரை சேர்ந்ததும் முதல் வேலை இன்ஜினுக்கு நல்ல தண்ணீர் விடுவது; மீன் இறக்குவது, சாப்பிடுவது, தூங்குவது எல்லாம் அப்புறம். நான் வேலை கற்ற பட்டறையில் ஒருவனுக்குக் கையில் கெளுத்தி முள் ஏறி விரல் நீலமாகிவிட்டது. "இன்ஜின கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போடா" என்றார் முதலாளி. கழுவிவிட்டுத்தான் போனான். விரல் போய்விட்டது. இன்ஜின் அதற்கப்புறம் ஒன்பது வருடம் ஓடியது. காசிமேட்டில் இன்றைக்கும் அந்த இன்ஜினைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அவன் பெயர் எனக்கே மறந்துவிட்டது. பழக்கம் என்று நான் சொல்வது இதைத்தான், மேடம்.

போன மார்ச்சில் மெஷின் ஒருமுறை வண்டியிலிருந்து விழுந்தது. பிரேக் தடுப்பு அடியோடு உடைந்துவிட்டது. பிளேட்டும் லேசாக வளைந்தது. இரண்டுக்கும் விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று வாங்கத்தான் கையில் இருந்தது. இரண்டு நாள் யோசித்தேன். பிளேட் மெஷினுக்கு. பிரேக் ஆளுக்கு. பிளேட் வாங்கினேன்.

தடுப்பை அப்படியே விடவில்லை. பழைய டேங்க் மூடியில் ஒரு துண்டு வெட்டி, கேபிள் டை போட்டுக் கட்டினேன். பார்க்க ஒரிஜினல் மாதிரியே இருந்தது. வேலை செய்யாது, அவ்வளவுதான். அதற்கு ஆரஞ்சு பெயின்ட்கூட அடித்தேன்.

யேசுதாஸ் கண்டுபிடித்துவிட்டான். கடல்காரன் கண்ணே கண்.

"இன்னா மாமா, இது ஆடிக்கினு கீது?"

"சும்மா தூசுக்கு மறைப்புடா அது. நீ பாட்டுக்கு அறு" என்றேன்.

"தூசுக்கா? மூஞ்சிக்கு ஒரு கண்ணாடி கேட்டேன், அதுக்குத் துட்டு இல்லன்ன. மெஷினுக்குத் தூசி பட்டா மட்டும் உனக்குப் பேஜாராகீது."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவனோடு சிரிக்காமல் இருக்க முடியாது. அவன் பெண் சினேகாவின் காதுகுத்துக்குப் பந்தல் போட்டது முதல் பாத்திரம் கழுவியது வரை நான்தான். என் மனசில் அவன்மேல் ஒரு குறையும் இருந்ததில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சம்பவம் நடந்த அன்று மே மாதம் பதினாலாம் தேதி, கத்திரி வெயில். கொருக்குப்பேட்டையில் சிலுவையம்மாள் என்கிற அம்மாவின் வீட்டில் வாதாமரம் ஒன்று மொட்டைமாடித் தண்ணித் தொட்டிமேல் சாய்ந்திருந்தது. கிளம்பும்போது ஜானட் ஐந்து லிட்டர் கேனில் லாரித் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தாள்.

"இது குடிக்கறதுக்கு. எந்தம்பி வெயில்ல நிக்கப் போறான். உன் ஆரஞ்சுப் பொண்டாட்டியக் குளிப்பாட்டணும்னா அங்க போரு தண்ணி எடுத்துக்கோ."

"அக்கா, இந்த மெஷினு முன்னாடியே வந்திருந்தா மாமா இத்தத்தான் கட்டிக்கினு இருப்பாரு. நீ தப்பிச்சிருப்ப" என்றான் யேசுதாஸ்.

சரி என்று தலையாட்டிவிட்டுக் கேனை வாங்கிக்கொண்டேன். போர் தண்ணீரில் செயினைக் கழுவுவதாவது. அதெல்லாம் பெண்களிடம் விவாதிக்கிற விஷயம் இல்லை.

சிலுவையம்மாள் வாசலிலேயே சட்டம் பேசினார். "எல ஒண்ணுகூட கீழ கெடக்கக் கூடாது. டேங்க்குல தெனமும் வியுது. நான் கொஞ்சம் கண்ணசர்றேன், முடிச்சிட்டுக் கதவத் தட்டு." உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். பின்னால் ரயில்வே யார்டில் வேகன் கோக்கிற சத்தம். எதிரே குடோன். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

யேசுதாஸ் ஏணியில் எட்டுப் படி ஏறி, நாலாவது கிளையை அறுத்துக்கொண்டிருந்தான். அந்தக் கிளைக்கு அடுத்து, எப்போதோ கொடிக்கயிறு கட்ட அடித்த ஒரு ஆணி. மரம் அதைப் பாதி விழுங்கியிருந்தது. பிளேட்டின் மூக்கு அதில் பட்டது. மெஷின் திரும்பி அவன் பக்கமே உதைத்தது. நான் கட்டிய கேபிள் டை அறுந்தது. செயின் நிற்கவில்லை.

மெஷின் கீழே விழுந்தது. அவன் ஏணிக் கம்பைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கினான். இடது அக்குளுக்குப் பக்கத்தில் வெட்டு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நான் ஓடினேன். என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "செயினு போச்சா?"

"செயினு நல்லாத்தான் கீது மாமா. என்னப் பாரு."

பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். அதற்குள் மெஷினையும் பார்த்துவிட்டேன். பிளேட் முழுக்க ரத்தம். ரத்தத்தில் உப்பு இருக்கிறது, மேடம். அந்த வெயிலில் பத்து நிமிடம் விட்டால் காய்ந்து செயின் கண்ணிகளுக்குள் இறுகிவிடும். அப்புறம் எத்தனை எண்ணெய் விட்டாலும் வராது.

என் கை தானாகவே பிளக் கேப்பைக் கழற்றியது. பாதுகாப்புக்கு அதுதான் முதலில். செயின் மூடியின் இரண்டு நட்டைக் கழற்றினேன். கேனைத் திறந்தேன்.

"மாமா, கையக் கட்டு."

"இதோ வந்துட்டேன்டா."

என்னிடம் ஒரே ஒரு துண்டு இருந்தது. அதை ஈரமாக்கிவிட்டால் அவனுக்குக் கட்டுப்போடச் சரிப்படாதே என்று யோசித்தேன். இதை நான் யோசித்தேன் என்பது முக்கியம். ஆனால் ஈரத்தோடு செயினை விட முடியாது. துடைத்தேன்.

"மாமா, கொஞ்சம் தண்ணி குடு."

"இருடா."

"அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றான். சிரிக்கிற மாதிரித்தான் சொன்னான். அதனால் அவ்வளவு மோசமில்லை என்று எடுத்துக்கொண்டேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் அவன் பேசவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன். கத்திரி வெயிலில் யாருக்கும் கண் சொருகும்.

எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. மெஷின் சத்தம் நின்றதால் வேலை முடிந்துவிட்டது என்று சிலுவையம்மாள் வந்திருக்கிறார். அவர் போட்ட கூச்சலில் யார்டு ஆட்களே எட்டிப்பார்த்தார்கள். எழுபது வயது அம்மா தன் புடவைத் தலைப்பைக் கிழித்து அவன் தோளைக் கட்டினார். நூற்றெட்டுக்குப் போன் போட்டதும் அவர்தான். "நீ இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?" என்று கேட்டார். என் கையில் எண்ணெய்க் குப்பி இருந்தது. அதனால் பதில் சொல்ல வேண்டிய தேவை வரவில்லை.

குடோன் கேமராவில் பதினொரு நிமிடம் என்று காட்டுகிறது. எனக்கு மூன்று நிமிடம் மாதிரித்தான் இருந்தது. முதலில் உங்களிடம் வேறொன்று சொன்னேன்: கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் எப்போதும் மூடிக் கிடக்கும், சீக்கிரம் கூப்பிட்டிருந்தாலும் ஆம்புலன்ஸ் கூட்ஸ் வண்டிக்குப் பின்னால்தான் நின்றிருக்கும் என்று. அன்று அந்த நேரம் முழுக்க கேட் திறந்தே இருந்தது என்று நீங்கள் விசாரித்துச் சொன்னீர்கள். பத்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் ஆளைப் பிழைக்க வைத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதையும் சொன்னீர்கள். பதினொன்றில் பத்தைக் கழித்தால் மிச்சம் ஒன்று. உடனே கூப்பிட்டிருந்தால் ஒரு நிமிடம் மிச்சம் வைத்தே அவன் பிழைத்திருப்பான். கணக்கில் தவறு இல்லை.

பிரேக்கை நான் கட்டினேன். அது வேலை செய்யாது என்று எனக்குத் தெரியும். அவன் கேட்டபோது பொய் சொன்னேன். ரத்தம் ஓடும்போது மெஷினைக் கழுவினேன். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். இதற்கிடையில் ஒரு சின்ன வேண்டுகோள். சாட்சிப் பொருளாக மெஷினை ஜன்னல் ஓரம் வைத்திருக்கிறீர்கள். அது கடல் பக்கத்து ஜன்னல். யாரையாவது ஒரு எண்ணெய்த் துணியால் துடைக்கச் சொன்னால் நல்லது. அதன்மேல் என்ன குற்றம்?

இனி கேமராவில் இல்லாத ஒன்று.

காசிமேட்டுக் கல்லறையில் மண் போட்டுவிட்டு வந்த அன்று ஜானட் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அழவில்லை. காலிக் கேன் அவள் காலடியில் இருந்தது.

"அவன் தண்ணி கேட்டானா?"

"கேட்டான்."

"கேன்ல இருந்துச்சா?"

"தீந்துபோச்சு" என்றேன்.

அவள் நம்பினாள். தீர்ந்துபோயிருந்தால் நீ என்ன செய்வாய் என்கிற மாதிரி என் தோளில் ஒரு கணம் கை வைத்தாள். மூன்று வாரமாக அந்தக் கை அங்கேயே இருக்கிறது. துடைத்தாலும் போகவில்லை. உங்கள் கேமராவில் கேன் தெரிகிறது, உள்ளே எவ்வளவு என்று தெரியாது. அதனால்தான் நானே எழுதுகிறேன்.

இருந்தது, மேடம். இரண்டு டம்ளர் இருக்கும். அப்போது ஏர் பில்டர் இன்னும் அலசவில்லை; அதற்கென்று வைத்திருந்தேன்.