ஒரு விரற்கடைக்கு முன்னே கை நிறுத்தும் எங்கள் மாஸ்டருக்கு

ஓங்கிய கையை உரிய இடத்தில் நிறுத்தும் உரவோரே! வெள்ளைச் சீருடைக்குள் விளையாட்டுப் பிள்ளையாய் வளைய வரும் வித்தகரே! எங்கள் கராத்தே கூடத்தின் தலைமைப் பயிற்சியாளரே, வணக்கம்!

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த தாங்கள், முப்பத்து நான்காம் வயதில் மகளைச் சேர்த்துவிட இங்கே வந்தீர்கள். மூன்றாம் நாளே மகள், "கால் வலிக்குதுப்பா" என்று நின்றுகொண்டாள். அழைத்து வந்தவரோ இருபத்தெட்டு ஆண்டுகள் தங்கிவிட்டார்!

உதைக்கக் கற்க ஓடி வந்தோரை ஒரு மாதம் விழ மட்டுமே பழக்கினீர்கள். குத்து, முகத்துக்கு ஒரு விரற்கடை முன்னே நிற்க வேண்டும் என்பதே தங்கள் பாடத்தில் பாதி. "அடிக்கிறது யாரால வேணா முடியும். நிறுத்திக் காட்டு, அப்பத்தான் உன்னை நம்பி ஒருத்தன் எதிர்ல நிப்பான்!" என்று தொண்டை கட்டக் கத்துவீர்கள். எண்ணிக்கை சொல்லும்போது மட்டும் ஏழை விட்டுவிட்டு எட்டுக்குத் தாவுவீர்கள். நாங்களும் கண்டும் காணாமல் பத்தை முடித்துக்கொள்வோம்.

சென்ற மாதம் பிள்ளைகளின் பெற்றோர் முன்னிலையில் குத்தை நிறுத்திக் காட்டியபோது, எங்களில் இளையவளான பயிற்சியாளரின் கன்னத்தில் தங்கள் கை பட்டுவிட்டது. பட்டும் படாமலும்தான், பார்த்திருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாளே ஓய்வுக் கடிதம்! "கை சொன்ன பேச்சு கேக்கலை. இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்" என்றீர்கள். "வலிக்கவே இல்ல மாஸ்டர்!" என்று அவள் அழாத குறையாகச் சொல்லியும் தாங்கள் அசையவில்லை. போங்கள் மாஸ்டர், இப்படியுமா ஒரு பிடிவாதம்! அன்று எங்களுக்கு வந்த கோபத்தில் பாதி அழுகைதான்.

தலைமைப் பொறுப்பை விடுகிறீர்கள், ஏற்கிறோம். கூடத்தையே விடுவதை ஏற்க மாட்டோம். நிறுத்த வேண்டிய கையை நிறுத்தத் தவறாதவர் எங்களில் யார்? ஒருவர் தங்கள் முன்பல்லையே பெயர்த்தார்! அவரைக்கூட வெளியே அனுப்பவில்லையே. ஒரு மாதம் கடைசி வரிசையில் நிறுத்தினீர்கள், அவ்வளவுதான். அந்தத் தண்டனை தங்களுக்கும் பொருந்தும்.

நோயும் நொடியும் அண்டாமல் நூறாண்டு தாங்கள் நிமிர்ந்து நடக்க வேண்டும். அதில் முதல் நாள் நாளையே தொடங்கட்டும். காலை ஆறு மணிக்குக் கடைசி வரிசையில் தங்களுக்கு இடம் போட்டிருக்கிறோம். எதிரே ஜோடியாக நிற்க, நான் நீ என்று எங்களுக்குள் போட்டியே நடந்தது. கன்னத்தில் வாங்கியவள் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

என்றும் தங்கள் அன்பில்,
கூடத்தின் பயிற்சியாளர்கள் அனைவரும்