மச்சினன் மனையில் ஒரு வடிகால்

வாடகை வீட்டுச் சுவரில் நினைத்த இடத்தில் ஆணி அடிக்க முடியாது. உங்களில் வாடகைக்குக் குடியிருந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். எனக்குக் கிடைத்த பாராட்டுச் சான்றிதழ்களும் கேடயங்களும் வருஷக்கணக்கில் கட்டிலுக்கடியில் துணி சுற்றிக் கிடந்தன. பெருக்கும்போதெல்லாம் என் மனைவி அவற்றைத் துடைப்பத்தால் ஒரு இடி இடிப்பாள். நான் ஒன்றும் சொன்னதில்லை. நான் பொறுமைசாலி என்பதை விசாரணைக் குழு முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வட்டாரத் தொல்பொருள் பாதுகாப்புப் பிரிவு என்று கதவில் எழுதியிருக்கிறது. ஊருக்குள் எனக்கு ‘ஸ்டே ஆர்டர்’ என்று பெயர். யாராவது அஸ்திவாரம் தோண்டும்போது பழைய ஓட்டுத் துண்டு தட்டுப்பட்டால், நான் போய் வேலையை நிறுத்துவேன். மார்க்கெட் பக்கத்துத் தையல்காரர் வீடு நாலு தூணோடு நின்றுபோனது என்னால்தான். அவர் இப்போது தூணுக்குத் தூண் கொடி கட்டித் துணி காயப்போடுகிறார். எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வரலாற்றுக்கு உழைப்பவன் இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது.

மாமனார் தன் நிலத்தை இரண்டாகப் பிரித்து மகளுக்கு ஒன்றும் மகனுக்கு ஒன்றும் கொடுத்தார். நடுவில் கம்பி வேலி. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மச்சினன். அவன் பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார், வெள்ளந்தி. முதலில் நாங்கள் கட்டுவது, பிறகு அவன் கட்டுவது என்று பேச்சு. என் மனைவி தரைக்குப் போடும் ஓட்டின் மாதிரிகளைப் படுக்கையில் பரப்பிவைத்து, எனக்குப் படுக்க இடமில்லாமல் செய்துகொண்டிருந்த நேரம் அது.

சமையலறைப் பக்கம் தோண்டும்போது மேஸ்திரி கூப்பிட்டார்.

“சார், மண் குழாய் மாதிரி என்னமோ வரிசையா இருக்கு. உடைச்சுப் போட்டுறவா?”

இறங்கிப் பார்த்தேன். சுடுமண் குழாய்கள். ஒன்றின் வாயில் மற்றொன்று செருகி, சரிவாகப் போகும் பழங்கால வடிகால். இவ்வளவு பழையது இந்தப் பக்கத்தில் இதுவரை கிடைத்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில் பாதி, சமையலறையை நினைத்துப் பாதி. நூல் பிடித்தது கோணலாக இருக்கிறது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி ஆட்களை அனுப்பிவிட்டேன்.

உடைத்திருக்கலாம். என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் உடைத்திருப்பார்கள். எனக்குக் கை வரவில்லை. பொருளைக் காப்பாற்றியே ஆக வேண்டும். எந்த முகவரியில் காப்பாற்றுவது என்பது மட்டும்தான் கேள்வி. அந்தக் காலத்து மனிதர்கள் மனை எண் பார்த்து வடிகால் போடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது வரலாற்றில் ஒரு பொருட்டே இல்லை.

மச்சினனிடம் மண் பரிசோதனை என்றேன்.

“வீடு கட்டறதுக்கு முன்னாடி மண்ணைப் பார்க்கணும் மாப்ளே. வெளியில செஞ்சா செலவு. உனக்கு நானே செஞ்சு தரேன்.”

“மாமா, நீங்க இல்லேன்னா எனக்கு யாரு இருக்கா” என்றான்.

பட்டப்பகலில்தான் செய்தேன். தொப்பி போட்டுக்கொண்டு, நாலு மூலையிலும் முளையடித்து நூல் கட்டி, சின்னக் கரண்டியோடு குந்தியிருப்பவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. என் மனையில் ஒவ்வொரு குழாயையும் படம் எடுத்து, வரைந்து, எண் போட்டு எடுத்தேன். மண்ணை அடுக்கு அடுக்காகத் தனித்தனிச் சாக்கில் கட்டினேன். அவன் மனையில் நறுவிசாகக் குழி வெட்டி, அதே ஆழத்தில், அதே சரிவில், திசைகாட்டி வைத்து அதே கோணத்தில் குழாய்களைக் கோத்து, மண்ணை வந்த வரிசையிலேயே மூடினேன். சாக்கு மூட்டைகளையெல்லாம் வேலி தாண்டித் தூக்கியது மச்சினன்தான்.

“மாமா, நீங்க குனியாதீங்க, இடுப்பு பிடிச்சுக்கும்” என்பான்.

சாக்குக்குள் குழாய் இருந்தது அவனுக்குத் தெரியாது. பார்த்துத் தூக்கு என்று மட்டும் சொன்னேன். அவன் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. கோக்கிற வேலையை மட்டும் அவன் பள்ளிக்கூடம் போயிருந்த பொழுதில் முடித்துக்கொண்டேன்.

அடியில் நீலத் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் இந்த வருஷத்து நாணயம் ஒன்றை வைத்ததும் நான்தான். தோண்டிய குழியை மூடும்போது நாம் அப்படித்தானே செய்கிறோம். பின்னால் வருகிறவர்களுக்கு, இந்த இடத்தில் ஏற்கனவே கை வைத்தாயிற்று என்று தெரிய வேண்டும். அதை வைக்காமல் விட்டிருந்தால் அது மோசடி. என்னால் மோசடி செய்ய முடியாது.

எங்கள் வீடு எழும்பியது. குடிபோன அன்றைக்கே கூடத்துச் சுவரில் ஆணி அடித்துச் சான்றிதழ்களை மாட்டினேன். மச்சினன்தான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு அவன் அஸ்திவாரம் தோண்டினான். தோண்டிய அன்றே மூச்சிரைக்க ஓடிவந்தான்.

“மாமா, எங்க மனையில ஏதோ பழங்காலத்துக் குழாய் வந்திருக்கு. இன்னும் யாருக்கும் சொல்லலை. நீங்க மூடுன்னா மூடிடறேன்.”

குழு இந்த இடத்தை நிதானமாகக் கேட்க வேண்டும். மூடு என்று சொல்லியிருந்தால் அவன் மூடியிருப்பான், இந்நேரம் அதன்மேல் குடியும் இருந்திருப்பான். ஆனால் தையல்காரருக்கு ஒரு நியாயம், மச்சினனுக்கு ஒரு நியாயமா? சொந்தம் என்பதற்காகச் சலுகை காட்டினால் நாளைக்கு ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்காதா? அன்றைக்கே அறிக்கை எழுதி வேலையை நிறுத்தினேன்.

ஆரம்பத்தில் அவனுக்குப் பெருமைதான். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினான். ஓவிய வகுப்பில் எல்லாரும் குழாய் வரைந்தார்கள். நான் எழுதிய ஆய்வுக் கட்டுரைக்கு விருது கிடைத்தபோது முதல் ஆளாகக் கை தட்டியவனும் அவன்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒற்றை அறையில் முடங்கிக் கிடப்பதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் இறக்கிவைத்த செங்கல் மழையில் வீணாகாமல் இருக்க, அதை வைத்து எங்கள் மதிலைக் கட்டிக்கொண்டேன்.

உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும் பேராசிரியை என்னிடம் படித்தவர். குழாயோடு நின்றுவிடாதே, அடி மண்வரை போய்ப் பார் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். அவர் போய்ப் பார்த்தார். தார்ப்பாயும் நாணயமும் கிடைத்தன. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சொன்ன பாடத்தை இப்படிக் கடைப்பிடிக்கிற மாணவர்கள் எத்தனை பேர்.

மனை மச்சினனுடையது, அவன் ஓவியனும்கூட. அதனால் பேருக்கு ஆசைப்பட்டு எங்கிருந்தோ குழாய்களைக் கொண்டுவந்து புதைத்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. பள்ளிக்கூடத்தில் அவனை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள், வீடு இல்லாதவனை. அவன் என் கூடத்தில் வந்து நின்றான். ஆள் பாதியாகியிருந்தான்.

“மாமா, நான் ஒண்ணும் செய்யலை. உங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும் மாப்ளே” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

என் மனைவி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

“அவனுக்கு எலி செத்துக் கிடந்தாலே மண்ணை அள்ளிப் போடத் தெரியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உங்க ஆளுங்கதானே?”

விசாரணை நடக்கும்போது தலையிடுவது முறையல்ல என்று சொல்லிவிட்டு, என் தட்டைக் கழுவிவைத்தேன். அவளுக்காக வருத்தப்பட்டேன். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது.

போன வாரம் உங்கள் அறிக்கையின் நகல் என் கைக்கு வந்தது. மச்சினன் மேல் வழக்குப் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக்கொண்டே தேநீர் குடித்தேன். அடுத்த பக்கத்தைப் படித்ததும் தேநீர் ஆறிப்போனது. ‘தொழில் தெரியாத ஒருவரின் அவசரக் கைவேலை’ என்று இருந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் இல்லை.

அவசரமா? சரிவை அளந்து பார்த்தீர்களா? மண்ணடுக்கின் நிறம் எங்கேயாவது கலந்திருக்கிறதா? குழாய் மூட்டில் ஒரு நூல் இடைவெளி உண்டா? இத்தனை வருஷத்தில் அவ்வளவு சுத்தமான குழி இந்தத் துறையில் ஒருவரும் வெட்டியதில்லை, நானும் வெட்டியதில்லை. இருந்த இடம் என் சமையலறை, கொண்டுபோனது நான், புதைத்தது நான், வேலையை நிறுத்தியதும் நான். எல்லாவற்றுக்கும் வரைபடம் வைத்திருக்கிறேன். உண்மை வெளியே வர வேண்டும் என்பதற்காக மட்டுமே வந்திருக்கிறேன்.

தம்பிக்காகப் பேசப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மனைவி காலையில் என் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தாள். மறுத்துச் சொல்லி அவள் மனசை ஏன் நோகடிக்க வேண்டும். மச்சினனும் வந்திருக்கிறான், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். என் பையைக்கூட அவன்தான் தூக்கிவந்தான்.

அவனை என்ன செய்வது என்பது உங்கள் பாடு, அதில் நான் தலையிடவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி, பக்கத்தைக் கையில் கொடுங்கள். அவனிடம் காட்டுகிறேன். தான் சுமந்த மூட்டையெல்லாம் எவ்வளவு நேர்த்தியான வேலைக்குப் போயிருக்கிறது என்று தெரிந்தால் சந்தோஷப்படுவான், நல்ல பையன்.