வலிக்கலையாம்

ஹலோ... ம், கேக்குது... கேக்குதுங்க, கத்தாதீங்க. ... சரி. ... சரி, நம்ம பொண்ணு செலக்ட் ஆயிட்டா. ... சந்தோஷம்தான், யாரு இல்லேன்னு சொன்னா. ... என் குரல் இப்ப இப்படித்தான் இருக்கும். ஆஸ்பத்திரி வராண்டாவுல நிக்கிறேன், சுத்தி ஆளுங்க. ... ஆமா ஆமா, கோல் கீப்பர் எடத்துக்கு அவ ஒருத்திதான். நீங்கதான் மொதல்லேருந்தே சொல்லிட்டிருந்தீங்களே. ... ஏங்க. ... ஏங்க, என்னைக் கொஞ்சம் பேச விடுறீங்களா?

குளுக்கோஸ் ஏத்துனா எந்திரிச்சு உக்காந்துடுவா, வெறும் வெயில் மயக்கம், நான் லிஸ்ட் பாத்துட்டு வர்றேன்னு சொல்லித்தானே எங்களை அனுப்புனீங்க? ... ஆமா, நானும் அப்படித்தான் நெனச்சேன். கோச்சோட கார்ல என் மடியில தலையை வச்சுக்கிட்டு வந்தா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துக்கிட்டிருந்தா. ... சொல்றேன், சொல்றேன், பறக்காதீங்க. மயக்கம் இல்ல. காலு. ... அதே காலுதான். பந்தை விட்டுட்டு அந்த எதிர் டீம் உயரமான பொண்ணு முட்டிக்குக் கீழ ஒதைச்சாளே, அதே எடம். ... எலும்பு ஒடஞ்சிருக்கு. ... ஆமாங்க. ... எக்ஸ்ரே எடுத்தாச்சு. டாக்டரம்மா வெளிச்சத்துல தூக்கிக் காட்டுனாங்க, படிக்காத எனக்கே தெரியுது, அவ்வளவு தெளிவா இருக்கு.

இருங்க, முழுசாக் கேளுங்க. எலும்பைக் கூட்டிடலாமாம். அதுவா இப்ப பெருசு? இடைவேளையில நீங்க போட்டீங்களே கட்டு, அதுதான் இப்ப... நல்லாத்தான் கட்டுனீங்க. ரொம்ப நல்லா. லாரியில சரக்குக்குக் கயிறு போடற மாதிரி, ஒவ்வொரு சுத்துக்கும் பெஞ்சுல காலை ஊனி இழுத்து. மலையேறினாலும் அசையாதுடின்னு அவகிட்ட சொல்லிச் சிரிச்சீங்க. நானும் தண்ணி பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துலதான் நின்னேன். ... குத்திக் காட்டல. அந்த முடிச்சை ரெண்டு நர்ஸால அவுக்க முடியல. கத்திரியை உள்ள விடறதுக்குக்கூட சந்து இல்ல. ஒரு வழியா வெட்டி எடுத்தாங்க. எடுத்ததும் காலு... நான் தையல்காரிங்க. பத்தாத துணியில ஆளைத் திணிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். தோல் அப்படி இருக்கு. பளபளன்னு, கல்லு மாதிரி.

...

அதைத்தான் சொல்ல வர்றேன். உள்ள வீங்குதாம். ஒடஞ்ச எடத்துல ரத்தம் கட்டி, மேல உங்க கட்டு வேற அமுக்குனதால, போக எடம் இல்லாம உள்ளுக்குள்ளயே நெருக்குதாம். ரத்தம் பாதம் வரைக்கும் போகலேன்னா... ஆமா. ... ஆமா, காலைத்தான் சொல்றேன். உடனே தோலைக் கீறி விட்டு நெருக்கத்தைக் கொறைக்கணுமாம். ... ஏன் இன்னும் பண்ணலையா? உங்க பொண்ணாலதான் பண்ணல.

ஏன்னா வலிக்கலையாம் அவளுக்கு.

... நீங்க சிரிக்காதீங்க. சத்தியமா சொல்றேன், இப்ப சிரிச்சீங்கன்னா போனைத் தூக்கி எறிஞ்சுடுவேன். ... இரும்புதான். நீங்கதானே பேரு வச்சீங்க. இங்க வந்ததும் நர்ஸ் பேரு என்னன்னு கேட்டதுக்கு இரும்புன்னே சொல்லிட்டா. அப்புறம்தான் சொந்தப் பேரு வாயில வந்துச்சு.

கேளுங்க. இங்க இருக்கறது ஒரு சின்ன டாக்டரம்மா. பெரிய சர்ஜன் மேல தியேட்டர்ல யாருக்கோ ஆபரேஷன் பண்ணிக்கிட்டிருக்கார். இந்தம்மா போன் போட்டுச் சொன்னா, அவர் ஒரே கேள்விதான் கேக்குறாராம்: கால் கட்டை விரலை மேல வளைச்சா பொண்ணு கத்துதா? இந்தம்மா வளைக்கிறாங்க. வலிக்குதாம்மான்னு கேக்குறாங்க. இவ வலிக்கலைங்கறா. திருப்பி அமுக்குறாங்க. வலிக்கல டாக்டர். சிரிச்ச முகமா சொல்றா. அப்ப காத்திருந்து பாப்போம்ங்கறார் மேல இருக்கறவர். உள்ள எவ்வளவு நெருக்கம்னு அளக்கற கருவி இங்க இல்லையாம். இவ வாயிலேருந்து வந்தாத்தான் உண்டு.

... நானா? நான் கேக்காம இருப்பேனா? நெத்தியைத் தடவிக் கேட்டேன், கெஞ்சிக் கேட்டேன். தோள்ல ஒரு அறையும் வச்சேன். அப்பா எங்கம்மா, லிஸ்ட்ல பேரு வந்துச்சாம்மான்னு என்னையே திருப்பிக் கேக்குறா. ... பொய்தாங்க சொல்றா. பழக்கினது யாரு?

ஞாபகம் இல்லையா உங்களுக்கு? தெருவுல பிளாஸ்டிக் பந்து வச்சு ஆடுவாளே, மூணாவது படிக்கும்போது. முட்டியைப் பேத்துக்கிட்டு வருவா. நீங்க மருந்தை ஊத்திட்டு, வலிக்குதான்னு கேப்பீங்க. அது எரியற மருந்து, எனக்கே கண்ணுல தண்ணி வரும். வலிக்கலப்பான்னு சொல்லுவா. உடனே தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு வீட்டைச் சுத்துவீங்க. வலிக்குதுன்னு அழுதுட்டா அன்னைக்குத் தோள் கெடையாது. அது ஒரு வெளையாட்டு மாதிரி இருந்துச்சு. எனக்கும் சிரிப்பாத்தான் இருந்துச்சு, எம்பொண்ணு எவ்வளவு தைரியம்னு கடையில எல்லாருகிட்டயும் பீத்திக்கிட்டேன். அப்புறம் தோள்ல தூக்கற வயசு போச்சு. கேள்வி மட்டும் போகல. பிராக்டிஸ் முடிஞ்சா கேப்பீங்க, லாரி எடுத்துக்கிட்டு எந்த ஊருல நின்னாலும் போன்ல கேப்பீங்க. வலிக்குதா? வலிக்கலப்பா. அவ வேற பதில் சொல்லி நான் கேட்டதே இல்ல.

... தெரியும். ... தெரியும்ங்க, நீங்க அவ நல்லதுக்குத்தான் பண்ணீங்க. எத்தனை வீட்டுல அப்பன் கிரவுண்டு பக்கம் எட்டிப் பாக்கறான்? நீங்க ராத்திரி முழுக்க வண்டி ஓட்டிட்டு வந்து, பல்லு கூட வெளக்காம மேட்ச் பாக்க நின்னவரு. என் வீட்டுக்காரர் மாதிரி உண்டான்னு நானும்தான் சொல்லித் திரிஞ்சேன். ஆனா அந்தப் பேக்கரிக்காரம்மா இருக்காங்கள்ல, இவகூட ஆடற அவங்க பொண்ணு மேட்ச் முடிஞ்சு வெளிய வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாங்க, இன்னைக்கு நல்லா இருந்துச்சாடின்னு. ஜெயிச்சியான்னுகூட கேக்க மாட்டாங்க. நாம ரெண்டு பேரும் அதைச் சொல்லி எத்தனை நாள் சிரிச்சிருக்கோம். அந்தப் பொண்ணு இன்னைக்கு இடைவேளையிலயே காலு சுளுக்குதுன்னு சொல்லிட்டு வந்து உக்காந்துருச்சு. ஐஸ் வச்சுக்கிட்டு வாழைப்பழம் தின்னுச்சு. நான்கூட மனசுக்குள்ள ஏளனமாத்தான் பாத்தேன்.

... சிஸ்டர், ஒரு நிமிஷம், அவங்க அப்பாதான்... பேசிக்கிட்டிருக்கேன்... சரி சிஸ்டர்.

ஏங்க, இப்ப ஒண்ணு சொல்றேன், எதிர்த்துப் பேசாம கேளுங்க. நீங்க சொன்னாத்தான் அவ சொல்லுவா. ... எதையா? வலிக்குதுன்னு. ... ஏன்? ... என்ன அடுத்த வாரம்? ... மெடிக்கலா? ... ஓ. டீம்ல சேக்கறதுக்கு முன்னாடி டாக்டர் பாப்பாங்க. ... அதனால? ஆபரேஷன்னு எழுதிட்டா பேரு போயிடுமா? ... மெதுவாப் பேசுறேன். மெதுவாத்தான் பேசுறேன். வெறும் பத்து போட்டு, வீட்டுல வச்சுப் பாத்துக்கலாமா... யோவ், உனக்கு என்ன மண்டை கெட்டுப் போச்சா? ...

ஆமா, யோவ்தான். கல்யாணம் ஆன நாள்லேருந்து ஒரு தடவை சொன்னது கெடையாது, இன்னைக்கு வாயில வந்துருச்சு. ... கையில என்ன வச்சிருக்கீங்க இப்ப? ... ஜெர்சியா. ... அவ பேரு போட்டிருக்கா. ... நல்லா இருக்கா. ... ஏங்க, அழாதீங்க. நான் அழல பாருங்க. ஜெர்சிக்குள்ள போறதுக்கு ஒரு பொண்ணு முழுசா வேணும்ல. கால் இருந்தா அடுத்த வருஷம் வரட்டும், வராமலே போகட்டும். தெருவுல பந்து ஒதைச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு இருக்கட்டும்ங்க, அது போதும் எனக்கு.

... ம். ... ம். ... சொல்றீங்களா? ... நிஜமா? ... வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுடா, அப்பா கோவிச்சுக்க மாட்டேன். அப்படியே சொல்லுங்க, இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம். பேரு வந்ததைச் சொல்லவே சொல்லாதீங்க. அதைக் கேட்டா அவ செத்தாலும் வாயைத் தொறக்க மாட்டா. ... இன்னொண்ணு கேட்டுக்கோங்க. அந்த டாக்டரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னாங்க. இவ வலியை மறைக்கிறான்னா, இவளைப் பேச வச்சுடலாம், நேரம் இருக்கு, காலைக் காப்பாத்திடலாம். ஆனா நெஜமாவே வலி தெரியலேன்னா, உள்ள நரம்பு செத்துக்கிட்டிருக்குன்னு அர்த்தமாம். அதனால அவ பொய் சொல்லணும்னு சாமியை வேண்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். எந்த அம்மாவாவது இப்படி வேண்டுவாளா? ...

உள்ள போறேன். இருங்க, கட் பண்ணிடாதீங்க. திரைச்சீலை வேற கொக்கியில மாட்டிக்கிச்சு. ... சிஸ்டர், கொஞ்சம் நகருங்க. டாக்டரம்மா, இவங்க அப்பா லைன்ல இருக்காரு. ஸ்பீக்கர்ல போடுறேன்.

கண்ணு. ... கண்ணு, இங்க பாரு, அப்பா பேசுறாரு. ... பேரு வந்துச்சான்னு அப்புறம் சொல்லுவாரு, மொதல்ல அவர் சொல்றதைக் கேளு. ... சொல்லுங்க நீங்க.

...

கேட்டியாடி? அப்பாவே சொல்லிட்டாரு. கோவம் இல்லையாம். இப்ப டாக்டரம்மா விரலை வளைப்பாங்க, வலிச்சா கத்து. எவ்வளவு வேணும்னாலும் கத்து. ஊரைக் கூட்டு. அம்மா இருக்கேன். ... வளைங்க டாக்டரம்மா.

... சொல்லு. ... சொல்லுடி. ... என்னது? ... அப்பா மேல சத்தியமா? ... எப்போலேருந்து? ... திருப்பிச் சொல்லு.

...

ஏங்க. ... ஏங்க, இருக்கீங்களா? ... செகண்ட் ஹாஃப் பூரா உயிர் போற மாதிரி வலிச்சுச்சாம். உங்களைப் பாத்துப் பாத்து அடக்கிக்கிட்டாளாம். கார்லயும் வலிச்சுச்சாம். இங்க வந்த கொஞ்ச நேரத்துல அதுவா கொறைஞ்சு கொறைஞ்சு போயிருச்சாம். இப்ப பாதம் இருக்கறதே தெரியலையாம். டாக்டரம்மா ஊசியால குத்துறாங்க, என் கண்ணு முன்னாடி குத்துறாங்க, அவ ஊசியைப் பாக்கல, என்னைப் பாத்துக்கிட்டிருக்கா. ... இல்லைங்க. பொய் சொல்லல. புள்ளை பொய் சொல்லல.

... டாக்டரம்மா மாடிக்கு ஓடுறாங்க. ... தெரியல. ... தெரியலைங்க, யாரும் எங்கிட்ட எதுவும் சொல்லல. ஸ்டிரெச்சரைத் திருப்புறாங்க. ... இருங்க, இவ ஏதோ கேக்குறா. ... என்னம்மா? ...

ஏங்க. ஸ்பீக்கர்லதான் இருக்கீங்க, கேட்டுச்சுல்ல உங்களுக்கும்? வலிதான் போயிடுச்சேப்பா, அப்ப நான் ஆடலாம்லன்னு கேக்குறா. ... உங்களைத்தான் கேக்குறா. ... பதில் சொல்லுங்க. ... சிரிச்சுக்கிட்டு கேக்குறா, ஏதாவது சொல்லுங்க. ... லிஃப்டுக்குள்ள ஏத்துறாங்க. ... ஹலோ. ... ஏங்க. ... ஹலோ?